சைலன்ஸர் மாற்றிய ரப்பர்கள்

மனைவி வெளியூர் போய்விட்டால் ஆம்பளைக்கு ராஜ வாழ்க்கை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் ஒரு வாரத்துக்கு மேல் தனியாக இருந்து பார்த்திருக்க மாட்டான். முதல் வாரம் ராஜாதான், மறுக்கவில்லை. துண்டை நாற்காலியில் போடலாம், கேட்க ஆள் இல்லை. அடுத்த வாரமும் அந்தத் துண்டு அதே நாற்காலியில் கிடக்கும். அப்போதுதான் மனுஷனுக்கு உறைக்கும்.

சைலன்ஸருக்கு அது உறைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சைலன்ஸர் என்பது கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். வாய் பேச வராதவர் இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான். காலையில் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சாயங்காலம்தான் வெளிச்சத்தைப் பார்ப்பார். மேலே மோட்டார் அறையில் நிற்கிறவனிடம் அவர் சொல்ல வேண்டியது மூன்றே சொல்தான்: ஏத்து, இறக்கு, நிறுத்து. அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குடும்பமும் நடத்திவிட்டார். மீதிப் பேச்சையெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள்.

அந்த மனைவிதான் மகளின் பிரசவத்துக்கென்று போனாள். பேத்தி பிறந்தாள், குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். போனவள் திரும்பவில்லை. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே. "குழந்தை இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்" என்று அவள் சொல்வாள், இவர் "ம்" என்பார். தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பார், சாப்பிட்டிருக்க மாட்டார். "அப்புறம்?" என்பாள். "அப்புறம் ஒண்ணுமில்ல" என்பார். சரி, வைக்கட்டுமா என்பாள். ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஓடிய பேச்சு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது மாதிரி இந்த நாலு வரிக்கு வந்து நின்றிருந்தது.

இந்த மாதிரி ஒரு நாளில்தான் நாலு வரிக்கு மேல் ஒரு வரி வந்தது. கண் மங்கலாக இருக்கிறது, பழைய டாக்டரிடமே காட்ட வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க வேண்டுமா இல்லையா? மனுஷன் "ம்" என்றார். போனை வைத்த பிறகு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். அவள் இந்தத் தடவை இருந்துவிடுவாளா? இந்த ஒரு கேள்விதான். அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவளைத் தவிர வீட்டிலிருந்த எல்லாச் சாமான்களிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் கீழே காரை நிறுத்தும் கொட்டகைக்குப் போய் நின்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வான முதுகு, நீளமான மூக்கு, ஒரு காலத்தில் சிவப்பு. இரண்டே சீட். அவர் பழுது பார்க்கப் போன ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் தூசி மூடிக் கிடந்ததை, மகள் கல்யாணம் முடிந்த கையோடு வாங்கி வந்தார். வாழ்நாளில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும், இதில் நாலு ஆளையா ஏற்றப் போகிறீர்கள் என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இவர் அடியில் படுத்து வேலை பார்க்கும்போது டார்ச் பிடித்தாள். பேச்சு எங்கே போகிறதோ டார்ச்சும் அங்கே போகும். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லும்போது வெளிச்சம் பக்கத்துச் சுவரில் இருக்கும். "இங்க காட்டு" என்று கீழேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

வரவர அந்தக் காருக்கு நடுக்கம் வந்தது. ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் போதும், கியர் கம்பி ஆடும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும், கதவுக்குள் எதுவோ கடகடவென்று அடித்துக்கொள்ளும். மகள் வீட்டுக்குப் போன அன்று ஸ்டேஷன் போகும் வழியில், சிக்னலில் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனைவி சொன்னாள்: "எலும்பெல்லாம் இடம் மாறுது. இதைச் சரி பண்ற வரைக்கும் நான் வரமாட்டேன் போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நம்ம ஆள் லிஃப்ட் மெக்கானிக். கதவில் சத்தம் என்று புகார் வந்தால் கதவுக்குச் சக்கரம் மாற்றுவார். எந்தப் புகாருக்கும் மாற்றுவதற்கு ஒரு சாமான் இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். இந்தப் புகாருக்கும் இருந்தது. இன்ஜின் மவுண்டிங்.

இன்ஜின் நேராகக் காரின் இரும்புச் சட்டத்தில் உட்காருவதில்லை. நடுவில் இரும்பும் ரப்பருமாகச் சேர்த்து வார்த்த கட்டைகள் இருக்கும், இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று. இன்ஜினின் நடுக்கத்தையெல்லாம் அந்த ரப்பர் குடித்துவிடும். ரப்பர் செத்துப்போனால் நடுக்கம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகுக்குத்தான்.

பார்ட்ஸ் கடைக்காரர் மூன்றையும் எடுத்து வைத்தார். அந்த மனுஷருக்கு எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அதன் ஜாதகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, புதுசும் பழசும் ஒத்துப்போகாது என்று தொடங்கி, போன வாரம் ஒருத்தர் வந்தார், அவர் எப்படிப் பூட்டினார் தெரியுமா என்று இழுத்தார். சைலன்ஸர் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். பேசத்தான் பிடிக்காது என்றால், கேட்கவும் பிடிக்காது. அந்தக் கதையை மட்டும் நின்று கேட்டிருந்தால் நமக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

லீவு போட்டு, காலையிலேயே ஆரம்பித்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினார். ஆயில் தொட்டிக்கு அடியில் ஒரு தடித்த பலகையைக் கொடுத்து, அதற்கடியில் ஜாக்கியை வைத்தார். பலகை இல்லாமல் தூக்கினால் தொட்டி நசுங்கிவிடும். நெற்றியில் பட்டை போட்டுக் கட்டுகிற விளக்கைக் கட்டிக்கொண்டு அடியில் போனார்.

அந்த விளக்கு நல்ல விளக்கு. அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேயே விழும், இம்மி பிசகாது. "இங்க காட்டு" என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பழக்க தோஷத்தில் சொல்லியும் விட்டார். சொல்லிவிட்டு, ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

பழைய மவுண்டிங் கையோடு வந்தது. ஆயிலில் ஊறி, வெடித்து, ரப்பர் ஒரு பக்கம் இரும்பு ஒரு பக்கமாகப் பிரிந்திருந்தது. புதுசை வைக்கும்போதுதான் தொல்லை. இது இரண்டு பேர் பார்க்கிற வேலை. ஒருவர் அடியில் படுத்து போல்ட் துளையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று ஜாக்கியை ஏற்றி இறக்க வேண்டும். இவரே நகர்ந்து வெளியே வருவார், ஜாக்கியை ஒரு சுற்று சுற்றுவார், மறுபடி அடியில் போவார். துளை ஒரு நூல் மேலே இருக்கும். மறுபடி வெளியே வருவார். ஏத்து, இறக்கு, நிறுத்து என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கை கொடுக்கட்டுமா என்று கேட்டார். இவர் வேண்டாமென்று தலையாட்டினார். இவரையெல்லாம் உட்கார வைத்துத் தலையில் நாலு தட்டு தட்ட வேண்டும்.

எப்படியோ மூன்றும் உட்கார்ந்தன. இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. சாதாரண மெக்கானிக் யாரும் இதைச் செய்ய மாட்டான், லிஃப்ட்காரர்தான் செய்வார். லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு: போட்ட போல்ட்டை அங்கேயே முழுசாக முறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பாதி முறுக்கிய போல்ட்டை விட்டுவிட்டு ஏணி இறங்குகிறவன் கொலைகாரன். முறுக்கியதற்கு அடையாளமாக போல்ட்டின் மேலும் இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விலகியிருந்தால் போல்ட் இளகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இவர் இன்ஜின் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் உயிரைக் கொடுத்து முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் அழகாக ஒரு கோடும் போட்டார். பிறகு ஜாக்கியை இறக்கி, பேட்டரி ஒயரை மாட்டி, சாவியைத் திருப்பினார்.

கார் உதறியது. முன்பு கியர் கம்பிதான் ஆடும், இப்போது ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடியது. புது ரப்பர், புது போல்ட், நடுக்கம் மட்டும் இரண்டு மடங்கு. மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் இந்த சீட்டில் உட்காருவாள், டாஷ்போர்டைப் பிடிப்பாள், பிறகு போய்விடுவாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வயிறு சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டார். என்ன ஆச்சு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பாதியை விழுங்கி விழுங்கிச் சொன்னார். கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இன்ஜின் தொங்கும்போதே முறுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க நிக்கல. எல்லாத்தையும் கையால மட்டும் போட்டு விடுங்க. இன்ஜினை இறக்கி, கொஞ்ச நேரம் ஓட விடுங்க. அதுவே ஆடி, தனக்குத் தோதான இடத்துல உக்காரும். அதுக்கப்புறம் முறுக்குங்க. நீங்க பிடிச்ச இடத்துல அது இருக்காதுங்க."

இவர் போனை வைத்துவிட்டு ஸ்பேனரைப் பார்த்தார். கொலைகாரன் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். ஆனாலும் செய்தார். போட்ட கோடுகளெல்லாம் விலக, போல்ட்டுகளை இளக்கிவிட்டு, இன்ஜினை ஓட விட்டு எட்ட நின்று பார்த்தார். இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மெல்ல அடங்கியது. அணைத்துவிட்டு அடியில் போய் ஒவ்வொன்றாக முறுக்கினார். பழைய கோடுகள் எதுவும் எதோடும் சேரவில்லை, புதுசாகப் போட்டார். மறுபடி சாவியைத் திருப்பியபோது, டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த டீ டம்ளரில் டீ அசையவில்லை.

அன்று சாயங்காலம் இன்னொரு காரியமும் செய்தார். அந்தக் காருக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடம் கொஞ்சம்தான், அதில் பாதியை அவருடைய டூல்பாக்ஸ் அடைத்துக்கொண்டிருக்கும். மனைவி போகும்போது எடுத்துப்போனது பெரிய பெட்டி. டூல்பாக்ஸை எடுத்து வெளியே வைத்தார், அந்த இடத்தைத் துணி போட்டுத் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் வாசலில் அவள் வந்தாள். தோளில் ஒரு சின்னப் பை. பின்னால் கூலியாள் யாராவது பெட்டி கொண்டுவருகிறாரா என்று இவர் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பையை வாங்கப் போனார், இருக்கட்டும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறீர்கள் என்றாள். ம் என்றார்.

முதல் சிக்னலில் கார் நின்றது. அவள் பழக்கத்தில் டாஷ்போர்டைப் பிடித்தாள். பிடித்த கையைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டி நின்னுபோச்சா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"சத்தமே இல்ல."

"மவுண்டிங் மாத்தினேன்."

மனுஷனுக்கு உள்ளுக்குள் நிலைகொள்ளவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். சிவப்பு விளக்கு நீண்டது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவள் மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்காதீங்க," என்றாள். "நீங்கதான் பேசமாட்டீங்க. வண்டியாவது கடகடன்னு ஏதாவது சொல்லிக்கிட்டே வரும். இப்ப அதுவும் வாயை மூடிக்கிச்சு."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இவர் காரை நகர்த்தினார்.

இரண்டு நாள் இருந்தாள். கண் டாக்டரைப் பார்த்தாள், புதுக் கண்ணாடிக்குக் கொடுத்தாள். நாற்காலியில் கிடந்த துண்டைத் துவைத்துப் போட்டாள். பேத்தியைப் பற்றி நிறையச் சொன்னாள். எலும்பு இடம் மாறுது, சரி பண்ற வரைக்கும் வரமாட்டேன் என்று அன்று சொன்னதெல்லாம் சும்மா, ஊருக்குப் போகிற துக்கத்தில் ஏதோ வாய்க்கு வந்தது என்றும் ஒரு பேச்சின் நடுவில் சொல்லிவிட்டாள். அங்கே குழந்தை நாள் முழுக்க மழலையில் கத்துகிறது, வீடு கலகலவென்று இருக்கிறது, இங்கே வந்தால் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்கிறது என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இவர் கேட்டுக்கொண்டிருந்தார். இரு என்று ஒரு சொல். அதைச் சொல்லச் சொல்லி உள்ளே யாரோ நெம்பிக்கொண்டே இருந்தார்கள், தொண்டையில் வந்து மாட்டிக்கொண்டது. இரண்டு நாளும் மாட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ரயில் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார், பிறகு நின்றுவிட்டார்.

திரும்பும் வழியில் அதே சிக்னல். காரை நிறுத்தி, பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை விழுந்ததும்தான் கவனித்தார், இன்ஜின் சத்தம் இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்து சாவியைத் திருப்பினார். ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் போய் மாட்டிக் கர்ரென்று அலறியது. நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிக்கிட்டுதான் இருக்கு என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. காரை ஓரமாகக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். மேற்கொண்டு ஓட்ட முடியும் என்று தோன்றவில்லை.

அப்போதுதான் போன் வந்தது.

"வீட்டுக்குப் போயாச்சா?"

ஆச்சு என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"இல்ல," என்றார். "போகப் பிடிக்கல."

அந்தப் பக்கம் ரயிலின் தடதடப்பு மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இருந்ததால்தானோ என்னவோ, இவருக்குப் பேச வந்தது. சிக்னலில் ஸ்டார்ட்டர் அலறியதைச் சொன்னார். அவள் சிரிப்பது கேட்டது. நெற்றி விளக்கைப் பற்றிச் சொன்னார், ஆள் இல்லாத இடத்தில் இங்கே காட்டு என்று சொன்னதைச் சொன்னார். போல்ட்டுகளை முதலில் இறுக்கித் தொலைத்ததைச் சொன்னார். தினமும் சாப்பிட்டாச்சு என்று சொன்னதில் பாதி பொய் என்றார். முன்னே பின்னே பேசிப் பழக்கமில்லாத மனுஷன், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நீ வர்றேன்னு சொன்னதும் பின்னாடி இருந்த டூல்பாக்ஸை எடுத்து வெளிய வெச்சேன். உன்னோட பெரிய பெட்டியை வைக்கணுமே. நீ சின்னப் பையோட வந்துட்டே. எனக்கு உன்னை இருன்னு சொல்லத் தெரியல."

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. தடதடப்பும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைன் எப்போதோ அறுந்துபோயிருந்தது. எது வரை கேட்டாள் என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து வாய் திறந்தால், கேட்டது மரம் மட்டும்தானா? அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் மறுபடி அடித்தது.

"நடுவுல லைன் கட்டாயிடுச்சுங்க," என்றாள் அவள். குரல் கரகரத்திருந்தது. "டூல்பாக்ஸை எடுத்து வெளிய வெச்சேன்னீங்களே, அதோட போயிடுச்சு. அப்புறம்?"

அவர் இன்ஜினை அணைத்தார். அணைந்ததா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.